பனி படியாத வண்டி

மார்கழி மாதத்து விடியல் ஒன்றில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தின் முன்னிருந்த புல்வெளி முழுவதும் வெண்மை படர்ந்து கிடந்தபோது, அங்கே நின்ற வேனின் முன்மூடி மட்டும் கறுத்து ஈரமாக இருந்ததைக் கண்டேன். கூரையில் உறைபனி இருந்தது. கண்ணாடியில் இருந்தது. சக்கரங்களின் மேல்விளிம்பில் உப்பைத் தூவினாற்போல இருந்தது. பானட் என்று எல்லோரும் அழைக்கும் அந்த முன்மூடியில் மட்டும் இல்லை. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு. உறங்கி எழுந்த ஒருவரின் நெற்றியைத் தொட்டாற்போல இருந்தது.

வண்டியை எவரும் எடுத்திருக்க வழியில்லை. புல்லின்மீது சக்கரத் தடம் இல்லை. என் காலடிகளைத் தவிர வேறு காலடிகளும் இல்லை. சாவி ஓட்டுநரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் எனக்குப் பின்னால் மூச்சிரைக்கப் படியேறி வந்துகொண்டிருந்தார். அவர் வந்து என்னருகே நின்றபோது, உறைந்த கண்ணாடிக்கு உட்புறம் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி ஒளிர்வதை இருவரும் ஒருசேரப் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது; உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய ரீங்காரமும் நின்றது.

"அய்யா, நீங்களும் பாத்தீங்களா?" என்றார் அவர்.

"பார்த்தேன்."

"அப்ப எனக்குப் புத்தி கெடல. அதுவரைக்கும் சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து நாலடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

அந்த வண்டியின் கதையைச் சொல்வதற்குமுன் எங்கள் இருப்பைச் சொல்லவேண்டும். நான் சமவெளியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி இத்தோட்டத்து மருந்தகத்தில் செவிலியாக இருந்தவள். சிறுவயதில் இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து பெற்றோரோடு வந்தவள். ஓய்வுக்குப்பின் அவள் பழகிய இம்மலைச்சரிவிலேயே, மருந்தகத்திற்குக் கீழே, ஓடைக்கு இப்புறம் ஒரு சிறு வீட்டில் தங்கினோம். பின்னர் அவளுடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரம் இருமுறை ஊட்டி மருத்துவமனைக்குச் சென்று, முதல் வேளையிலேயே இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். நேரம் தவறினால் அந்த இருக்கை அடுத்தவருக்குப் போய்விடும். முதற்பேருந்து எங்கள் வளைவுக்கு வரும்போது அந்த வேளை பாதி கழிந்திருக்கும். உறைபனிக் காலத்தில் வாடகை ஜீப்புகளும் அந்நேரத்தில் கீழிறங்கி வருவதில்லை. ஆகவே நோயாளிகளுக்கென்று தோட்டத்தார் வைத்திருந்த அந்தப் பழைய டீசல் வேனே அவளுக்கு உயிர்வழியாக இருந்தது.

அதைப் பல ஆண்டுகள் ஓட்டியவர் முந்தைய மழைக்காலத்தில் காலமானார். வண்டியில் அல்ல, தம் வீட்டில், நெஞ்சுவலியால். என் மனைவி அவரை அண்ணன் என்றே அழைப்பாள். மருத்துவமனை நாள்களில் அவர் எங்களுக்கு முன்பே வந்து இயந்திரத்தைச் சூடேற்றி ஓடவிட்டிருப்பார். படியேறி வந்ததும் அவள் வெதுவெதுப்பான முன்மூடியின்மீது இரண்டு கைகளையும் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் உள்ளே ஏறுவாள். ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கைகள் அவை. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பிறகு வந்தவர்தான் இப்போது நாலடி தள்ளி நிற்பவர். தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர். இறந்தவர் கைபட்ட வண்டியை எடுப்பதென்றால் முறைகள் உண்டு என்று, பூசணிக்காய் உடைத்து, முன்புறத்தில் எலுமிச்சம்பழம் கட்டித்தான் ஓட்டத் தொடங்கினார். அன்று மாலையே குரங்குகள் அப்பழத்தைப் பறித்துப்போய், மருந்தகத்துக் கூரையில் உட்கார்ந்து கடித்துத் துப்பியதை நானும் பார்த்தேன். மற்றபடி பொறுப்பானவர். மருத்துவமனை நாளுக்கு முந்தைய மாலை தவறாமல் வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பார்.

அன்றைய விடியலில் அவர் சாவியைத் திருப்பியபோது இயந்திரம் முனகியது, சுழலவில்லை. பேட்டரியில் உயிர் இல்லை. தேயிலை நிறுக்க வந்த நால்வர் தள்ள, சரிவில் உருண்டு, இரண்டாம் வளைவில் புகை கக்கி வண்டி உயிர்பெற்றது. மனைவியிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் சாவியைத் திருப்புவதற்கும் முன்பே, வண்டியில் ஏறும்போது, அவள் வழக்கம்போல் முன்மூடியைத் தொட்டிருந்தாள். தொட்டவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதன்பின் அது மருத்துவமனை நாள்தோறும் நிகழ்ந்தது. மற்ற விடியல்களில் வண்டி முழுவதும் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அவளை அழைத்துச் செல்லவேண்டிய நாளில் மட்டும் முன்மூடி கறுத்துச் சூடாக இருக்கும். வெந்நீர் வைக்க நான் எழும் வேளையில், ஓடைக்கு மேலிருந்து மெல்லிய ஓர் ஒலி மூடுபனியினூடே இறங்கிவரும். சில்வண்டு ஒன்று மூச்சுவிடாமல் ஒலிப்பதுபோல. அது வண்டியின் எச்சரிக்கை ஒலி. ஆளில்லாத வண்டி எதையோ எச்சரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் வந்துட்டாரு" என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்து. விளையாட்டாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

"இறந்தவர் எவரும் வருவதில்லை" என்றேன்.

"வராட்டி யாரு சூடு பண்ணி வைக்கிறதாம்? நீங்களா? ஒரு தேத்தண்ணி போடச் சொன்னா ஒம்பது தடவ கேக்கோணும்."

ஊட்டியை அடுத்த காந்தலிலிருந்து ஒரு மின்பழுது நீக்குநரை வரவழைத்தேன். வண்டிகளின் மின்வேலைகளில் கைதேர்ந்தவர் என்றார்கள்; வாய்ப்பேச்சிலும் குறைவில்லாதவர். பிற்பகல் மூடுபனியில் முன்னிருக்கையில் சாய்ந்து கிடந்தபடி, ஒரு சோதனை விளக்கை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

"ஏனுங்கய்யா, பேயி ஓட்டுதுன்னாங்களே, டீசல் கொறஞ்சிருக்குதுங்களா?"

"குறையவில்லை."

"அப்ப சிக்கனமான பேயிங்க. நம்ம ஊட்டு வண்டிக்கும் ஒண்ணு கெடைச்சாத் தேவல."

அவர் விளக்கியதை என் நடையில் சொல்கிறேன். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. காற்றை இறுக அழுத்துவதால் பிறக்கும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. உள்ளே செல்லும் காற்றே உறைநிலையில் இருந்தால் அவ்வெப்பம் போதாது. ஆகவே குளிர்நாடுகளுக்கும் மலைகளுக்குமான வண்டிகளில், இயந்திரத்தின் மேற்புறத்தில் காற்று நுழையும் வாயிலில் ஒரு சூடேற்றி இருக்கும். சோறு வடிக்கும் தட்டுப்போன்ற மின்கம்பி வலை. அது பெருமளவு மின்சாரம் குடிக்கும். அதைச் சாவி நேரடியாக இயக்குவதில்லை. ரிலே எனப்படும் ஒரு சிறு பெட்டிக்குச் சாவி சிறிது மின்சாரம் அனுப்பும். அப்பெட்டி பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். பழைய ஓட்டுநர், சூடேற்றியை மறந்து விட்டுவிடக்கூடாது என்பதற்காக, அது எரியும்வரை ஒளிரும்படி ஒரு செம்மஞ்சள் விளக்கையும், ஒலிக்கும்படி ஒரு பஸ்ஸரையும் அதன் கம்பியிலேயே நேராக இணைத்திருந்தார். சாவி இல்லாவிட்டாலும், சூடேற்றிக்கு மின்சாரம் போனால் அவை இயங்கும்.

"அந்த வெளக்கு பொய் சொல்லாதுங்க" என்றார் மின்வேலைக்காரர். "ஹீட்டர் எரிஞ்சாத்தான் அது எரியும். யாரோ ஹீட்டரப் போடறாங்க. யாருன்னு கண்டுபுடிக்கறதுதான் நம்ம சோலி."

சாவித்துளையின் உட்பகுதி தேய்ந்திருப்பதாகச் சொல்லி அதை மாற்றினார். நம்பிக்கையோடு போனார். அடுத்த மருத்துவமனை நாளில் முன்மூடி மீண்டும் கறுத்திருந்தது.

அன்று தள்ளுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. நானும் ஓட்டுநரும் தள்ளினோம். அவள் உள்ளே அமர்ந்து, பின்கண்ணாடி வழியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊட்டியை அடைந்தபோது அவளுடைய இருக்கையில் வேறொருவர் இருந்தார். பிற்பகல் வரை காத்திருந்து, மிஞ்சிய சிறிது நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. மாலையில் அவளுடைய கணுக்காலில் விரலை அழுத்தினேன், பள்ளம் எழும்பவேயில்லை. இப்படி இன்னொருமுறை தாமதித்தால் நீர் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

தோட்ட மேலாளரும் அவ்வாரமே சொல்லியனுப்பிவிட்டார்: வண்டி சரியாகாவிட்டால் கழித்துக்கட்டப்படும், மாற்று ஏற்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும். ஓட்டுநரும் மனமொடிந்திருந்தார்.

"நான் என்னய்யா செய்ய? எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன். செய்யச் செய்யக் கூடுதே ஒழியக் கொறயக் காணல" என்றார். அவர் எதைச் செய்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை. கழுவுவதையும் துடைப்பதையும் சொல்கிறார் என்று நினைத்தேன்.

காந்தல்காரர் மறுபடி வந்தார். இம்முறை ரிலேயின்மீது ஐயம். உள்ளிருக்கும் இரு தகடுகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்தபின்னும் சூடேற்றி எரிந்துகொண்டே இருக்கும் என்றார். மருந்தகத்துத் தோட்டக்குழாயருகே வண்டியை நிறுத்தி, மூடுபனியில் கண் தெரியாமல், இயந்திரத்தின் பின்மூலையில் கையை மட்டும் விட்டுத் தடவி அதைக் கழற்றினார். புதியதைத் தடவியே செருகினார். பலமுறை சாவியைத் திருப்பிப் பார்த்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் புறப்படும்போது அவர் நின்று, தாம் கழற்றிய பழைய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வழக்கமில்லாத தாழ்ந்த குரலில் பேசினார்.

"தகடு ரெண்டும் ஒட்டவே இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது."

"அப்படியானால்?"

"அப்படின்னா, அது தானா எரியலீங்க. அதுக்கு யாரோ உத்தரவு குடுக்கறாங்க."

அடுத்த மருத்துவமனை நாளில் விடியுமுன்பே வந்து நேரில் பார்ப்பதாகச் சொன்னார். ஓட்டுநர் வெளிச்சம் வந்தபின்தான் வருவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். என் மனைவி மட்டும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"குளிரில் உனக்கு என்ன வேலை?" என்றேன்.

"அவரு என்னையப் பாக்கத்தான வாராரு. நான் இல்லாட்டிப் போனா மரியாதையா இருக்குமா?"

மருந்தகத்துத் தாழ்வாரத்தில் மூவரும் கம்பளிக்குள் அமர்ந்தோம். கிழக்கே வானம் சாம்பலாகத் தொடங்கியிருந்தது. கீழே தேயிலைச் செடிகளுக்கிடையே காட்டெருமை ஒன்று மூச்சுவிடுவது கேட்டது; உருவம் தெரியவில்லை. ஓடையிலிருந்து மூடுபனி எழுந்து, புல்வெளியைக் கடந்து, வண்டியின் சக்கரங்களை முதலில் மறைத்தது, பின்னர் கதவுகளை. மின்வேலைக்காரர் தம் மைத்துனர் மசினகுடியில் ஜீப் ஓட்டி யானையிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மைத்துனர் ஜீப்பைப் பின்னால் எடுக்கும் இடம் வந்தபோது, வண்டியிலிருந்து 'டக்' என்று ஓர் ஒலி எழுந்தது. தாழ்ப்பாளை யாரோ மெல்ல நீக்குவது போன்ற ஒலி.

கண்ணாடிக்குப் பின்னால் செம்மஞ்சள் புள்ளி எரிந்தது. பஸ்ஸர் ஒலிக்கத் தொடங்கியது.

மின்வேலைக்காரர் யானைக் கதையை முடிக்கவில்லை. கையில் விளக்கோடு வந்தவர், அதை ஏற்ற மறந்து உட்கார்ந்திருந்தார். நானும் எழவில்லை. இறந்தவர் எவரும் வருவதில்லை என்று நான் சொன்னது எனக்கு நினைவிருந்தது.  என் மனைவிதான் எழுந்தாள். புல்லில் காலூன்றி ஊன்றி நடந்துபோய், முன்மூடியின்மீது இரண்டு கைகளையும் வைத்தாள். அங்கே படிந்திருந்த பனி அவள் விரல்களைச் சுற்றி உருகி வழிவதைப் பார்த்தேன். அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

பின்பு அவள் குனிந்தாள். முன்மூடியின் இடுக்கருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டாள். "எலுமிச்சங்காய் அவியுது."

"என்ன?"

"ஊறுகாய்க்கு அவிக்கிற வாசம். உப்புப் போட்டு. நாக்குல படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதிலயிருந்து, எந்த ஊட்ல அவிச்சாலும் எனக்குத் தெரியும்."

மின்வேலைக்காரர் முன்மூடியைத் தூக்கினார். புளித்த ஆவி முகத்தில் அடித்தது. விளக்கொளியில் இயந்திரத்தின் பின்மூலை தெரிந்தது. இதுவரை அவர் கையால் மட்டுமே தடவிய இடம். அங்கே, அவர் கை தொட்ட இடத்திற்கு மேலே, கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழங்கள் கொத்தாகத் தொங்கின. பழையவை சுருங்கிக் கருகியிருந்தன. மேலே ஒன்று புதியது. நெடுக்காகக் கீறி, உள்ளே உப்பும் குங்குமமும் அடைக்கப்பட்டிருந்தது. அதன் நுனியிலிருந்து சிவந்த சாறு சொட்டுவதைக் கண்டபோது, காரணம் அறிவதற்குமுன், நான் ஒருகணம் வேறெதையோ நினைத்துவிட்டேன். சாறு சொட்டிய இடம் ரிலே செருகப்பட்டிருந்த துளைப்பலகை. அதன் பித்தளை நாக்குகளுக்கிடையே பச்சைக்களிம்பு பாசியைப் போலப் படர்ந்திருந்தது.

அவர் மிகுந்த நிதானத்தோடு அதன்மீது விரல்வைத்தார். "எப்பவும் கரண்ட் நிக்கற ஒயரு இதுங்க. ரிலேக்கு உத்தரவு சொல்ற ஒயரு இதுங்க. நடுவுல உப்பும் சாறும் களிம்பும் பாலம் போட்டிருக்குது. புதுச் சாறு சொட்டி, பனி எறங்கி ஈரமாச்சுன்னா பாலத்துல கரண்ட் நடக்குது. ஹீட்டர் எரியுது. சூட்டுல ஈரம் காஞ்சா நின்னு போகுது. அதுக்குள்ள பேட்டரி படுத்துருது. பெட்டிய மாத்துனேன், அதுக்கு அடியில இருக்கற பலகையப் பாக்காம உட்டுட்டேனே!"

விடிந்தபின் ஓட்டுநர் வந்தார். திறந்த முன்மூடியையும் தரையில் வைத்திருந்த கயிற்றுக் கொத்தையும் கண்டு பதறிப்போனார்.

"யாரு அவுத்தது? அத அவுக்கலாமா?"

"இதை எப்போது கட்டினீர்கள்?" என்றேன்.

"வெளிய கட்டினாக் கொரங்கு தூக்கிக்கிட்டுப் போயிருதேய்யா. அதான் உள்ளார கட்டினேன். ஆஸ்பத்திரி போற நாளுக்கு மொத நாளு, வண்டியக் கழுவிட்டுப் புதுசா ஒண்ணு கட்டுவேன். சீக்காளிய ஏத்துற வண்டி, தொணை வேணும்ல? ஒண்ணுக்கு அடங்கல. கீறி உப்பு வச்சேன். அதுக்கும் அடங்கல. இன்னும் ரெண்டு சேத்துக் கட்டினேன்."

மின்வேலைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, பேய ஓட்டறதுக்கா கட்டுனீங்க? பேய்க்கு வாராவாரம் கனெக்சன் குடுத்திருக்கறீங்க!"

ஓட்டுநர் சிரிக்கவில்லை. "அக்காவுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு கட்டினேன்" என்றார். என் மனைவி அவருடைய தோளைத் தொட்டு, "கட்டினது தப்பில்ல, தம்பி. எடந்தான் தப்பு" என்றாள்.

அன்றும் வண்டியைத் தள்ளத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அன்று நாங்கள் முன்கூட்டியே எழுந்திருந்ததால், அவளுடைய இருக்கை அவளுக்குக் கிடைத்தது. நாங்கள் மருத்துவமனையில் இருக்கையிலேயே, காந்தல்காரர் வெளியே நின்ற வண்டியில் பழைய துளைப்பலகையை வெட்டியெறிந்து, கம்பி நுனிகளை வெந்நீரால் கழுவி உலர்த்தி, புதிய பலகையை உயரமான இடத்தில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினார். நீர் புகாதபடி ரப்பர் உறையும் இட்டார். மேலாளர் வண்டியைக் கழிக்கும் எண்ணத்தைக் கைவிட்டார். எலுமிச்சம்பழம் இல்லாமல் ஓட்டமுடியாது என்று ஓட்டுநர் சொல்லிவிட்டதால், அது வண்டிக்குள், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், குரங்குக்கும் கம்பிக்கும் எட்டாத இடத்தில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் இடம்பெற்றது.

அடுத்த மருத்துவமனை நாளின் விடியலில் ஓடைக்கு மேலிருந்து எந்த ஒலியும் வரவில்லை. அவள் கண்விழித்துப் படுத்திருந்ததை அறிவேன். படியேறிப் போனோம். வண்டி முழுவதும், முன்மூடி உட்பட, இடைவெளியின்றி வெளுத்திருந்தது. அப்படியொரு வெண்மையை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அது, முகத்தை மூடிய துணிபோல எனக்குத் தோன்றியது. அவள் தன் கைகளை அதன்மீது வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைத் தடங்கள் மட்டும் கறுப்பாக அங்கே நின்றன.

ஓட்டுநர் சாவியை அரைத்திருப்புத் திருப்பினார். விளக்கு எரிந்தது, ஒலி எழுந்தது, இரண்டும் அடங்கின. அடுத்த திருப்பில் இயந்திரம் தயக்கமின்றி ஓடத் தொடங்கியது. தள்ள எவரும் வேண்டியிருக்கவில்லை. உரிய நேரத்திற்கு முன்பே ஊட்டியை அடைந்தோம்.  வழிநெடுக அவள் ஈரக் கைகளை மடியில் சேர்த்து வைத்திருந்தாள். இறங்கும்போதுதான் ஓட்டுநரிடம் கேட்டாள்.

"தம்பி, இனிமே நாங்க வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்து சூடு பண்ணி வைக்கேலுமா? அண்ணன் அப்படித்தான் செய்வாரு."

"இருட்டுல தனியாவா அக்கா?" என்றார் அவர். காரணம் முழுவதும் அறிந்தவர்தாம். தாம் கட்டிய பழங்களைத் தம் கையாலேயே ஓடையில் எறிந்தவர்தாம்.

"நான் வந்து துணைக்கு நிற்கிறேன்" என்றேன்.

அதுமுதல் மருத்துவமனை நாள்களில் அவளுக்கு முன்னே நான் படியேறுகிறேன். ஓட்டுநர் வண்டிக்கு வெளியே எனக்காகக் காத்திருப்பார். நான் வருமுன் கதவைத் திறப்பதில்லை. மின்சாரம் எந்தக் கம்பியில் புறப்பட்டு எந்தக் கம்பியில் முடிகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சாவியைத் திருப்புவதும் அவர் கைதான். நான் கண்ணால் பார்க்கிறேன். ஆயினும் அந்தச் செம்மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து அணையும்வரை நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை.